அண்ணன் சொன்ன பக்கம்

வாசலில் நிற்கிற உங்கள் வண்டியின் பின்சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருக்கிறது, தம்பி. இடது பக்கம். அப்படியே வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டயரின் ஓரம் தேய்ந்துவிடும். உள்ளே வரும்போது கண்ணில் பட்டது. பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். கணவாய்ச் சுரங்கத்தில் எரிந்துபோன வண்டியை விபத்து என்று எழுதி முடித்தாயிற்று. "எதுக்குண்ணே சும்மா மனசப் போட்டு வருத்திக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க" என்று சற்று முன் நீங்களே சொன்னீர்கள். அண்ணே என்கிறீர்கள். பிஷ்கெக்கில் என் வயதுக்காரனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். செத்துப்போன எர்மெக்கும் அப்படித்தான் கூப்பிட்டான். ஆனால் அவன் என் தம்பி இல்லை. என் மகன்.

அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தலைச்சன் பிள்ளையைத் தாத்தா வீட்டுக்குக் கொடுப்பது நம் வழக்கம். உங்கள் உறவிலும் யாராவது அப்படி வளர்ந்திருப்பார்கள். எர்மெக் பிறந்ததும் என் அப்பா சாகின் ஒரு ஆட்டை அறுத்து ஊரைக் கூப்பிட்டார். குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "இவன் இனிமே என்னோட கடைக்குட்டி" என்றார். என் மனைவி ஜில்திஸுக்கு அப்போது பால் கட்டியிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "உங்களுக்கென்னடா, வயசிருக்கு. இன்னும் பெத்துக்குவீங்க." பெற்றுக்கொண்டோம். இரண்டு பெண்கள், இருவரும் நல்ல பெண்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சில வீடுகளில் பிள்ளைக்கே விவரம் தெரிந்திருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் அப்பா மட்டும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அவன் எம் புள்ள. எவனாவது வேற மாதிரி பேசினா நாக்க இழுத்து வெச்சு அறுத்துருவேன்" என்றார். அவர் சொன்னால் செய்யக்கூடியவர். அதனால் எர்மெக் எனக்குத் தம்பியானான், ஜில்திஸ் அவனுக்கு அண்ணியானாள். ஒருமுறை அவள் என்னிடம் சொன்னாள்: "அவன் அண்ணின்னு கூப்பிடறப்ப நான் காது கேக்காத மாதிரி இருந்துக்குவேன். ரெண்டாவது தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவேன். ஒரு தடவையாவது வேற மாதிரி கூப்பிட மாட்டானான்னு ஒரு நப்பாசை." அவன் எப்போதும் இரண்டாவது தடவையும் அண்ணி என்றே கூப்பிட்டான்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வண்டிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கன்டெய்னர் பட்டறைகளில் மூன்றாவது என்னுடையது. ஜப்பானிலிருந்து வருகிற டர்போ வண்டிகளுக்கு வேகம் ஏற்றிக் கொடுப்பேன். டர்போ என்றால் வேறொன்றும் இல்லை. புகை வெளியே போகிற வழியில் ஒரு சின்ன விசிறி சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். நிறையத் தள்ளினால் வண்டி பறக்கும். அதற்கும் மேலே தள்ளினால் இன்ஜின் உடையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்காகத்தான் என்னிடம் வருகிறார்கள்.

நிறுத்துவதற்கு வண்டியிலேயே ஒரு வால்வு உண்டு. அழுத்தம் போதும் என்ற செய்தி ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அதற்குப் போகும். உடனே வால்வு திறந்து மிச்சத்தை வெளியே விட்டுவிடும். அந்தக் குழாயின் நடுவில் நான் ஒரு பித்தளைத் திருகு வைப்பேன். உள்ளே ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். அது செய்தியை வழியிலேயே மறித்து வைத்துக்கொள்ளும். வால்வு எதுவும் வரவில்லை என்று நம்பி மூடியே இருக்கும். வலப்பக்கம் திருகினால் அழுத்தம் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். நகராமல் இருக்க மேலே ஒரு லாக்நட். அவ்வளவுதான் சமாச்சாரம். இந்தப் பக்கங்களை மட்டும் தயவுசெய்து சரியாக எழுதுங்கள். வலப்பக்கம் ஏற்றம்.

எர்மெக் கல்லூரி முடித்துக் கால்நடை மருந்து விற்கிற கம்பெனியில் சேர்ந்தபோது, பழைய டர்போ வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். அதற்கு முன்னால் பண்டிகை, சாவு, கல்யாணம் என்று கூட்டத்துக்கு நடுவில்தான் அவனைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அப்பா எங்கிருந்தாவது இருமுவார். அன்றைக்கு அவன் தனியாக வந்தான்.

"அண்ணே, இந்தக் கழுதையக் குதிரையாக்க முடியுமா?" என்றான்.

"ஆக்கலாம். ஓட்டறவன் கழுதையா இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அது அப்பாவோட தயாரிப்புண்ணே. அவர்கிட்ட சொல்லிக்கங்க."

சிரித்தான். நானும் சிரித்தேன். என் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அவனுக்கும் இருந்தது.

அன்று நாள் முழுக்க இருந்தான். சந்தை அடுப்படிக்காரியிடம் கறி வைத்துச் சுட்ட சம்சா வாங்கிச் சாப்பிட்டோம். கறுத்த விரலோடேயே சாப்பிட்டான். கொழுப்பு முழங்கை வரைக்கும் வழிந்தது, துடைத்துவிடக் கை போயிற்று, எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் திருகை வைத்து அளவு பார்த்து முடித்தபோது, இனி இவன் எதற்காக இங்கே வரப்போகிறான் என்று நினைத்தேன். ஸ்பேனர் கையில் இருந்தது. லாக்நட்டை முழுதாக இறுக்கவில்லை.

அதில் ஆபத்து இல்லை, தம்பி. இதை நான் யோசித்துத்தான் செய்தேன். நட் தளர்ந்திருந்தால் இன்ஜின் அதிர்வில் திருகு மெல்ல மெல்ல வெளியேதான் வரும். அழுத்தம் குறையும், ஏறாது. வண்டி சோம்பும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சோம்பியது. சனிக்கிழமை காலையில் அவன் வந்து நின்றான்.

"அண்ணே, குதிரை மறுபடியும் கழுதையாயிடுச்சு. சின்ன மேடுன்னாலும் மூச்சு வாங்குது."

"விட்டுட்டு உக்காரு. இது ஆபரேஷன் மாதிரி, அவசரப்பட்டா ஆகாது" என்றேன்.

நட்டை இறுக்குவது ஒரு நிமிட வேலை. நான் மத்தியானம் வரைக்கும் நீட்டினேன். அதன் பிறகு சனிக்கிழமை என்றால் எர்மெக் என்று ஆயிற்று. சில வருடங்கள் அப்படியே போயின. அவனுடைய பாஸைப் பற்றி, பல்வலியைப் பற்றி, பிறகு அய்ஸாதா என்ற பெண்ணைப் பற்றி எல்லாம் என்னிடம்தான் சொன்னான். பக்கத்துக் கன்டெய்னர் வெல்டர் ஜோல்தோஷ் ஒருநாள் கேட்டான்: "ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் உன் கைப்பட்டா வருசக்கணக்கா ஓடுது. தம்பி வண்டி மட்டும் வாரா வாரம் நொண்டுதே, நீ மெக்கானிக்கா மாமியாரா?" நான் வேலையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன். அதற்காக வெட்கப்பட எனக்கு வரவில்லை.

ஒருநாள் அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பக்கம் திருப்பினா ஏறும்ணே? எனக்கும் சொல்லிக் குடுங்க. ஒவ்வொரு வாட்டியும் உங்க நாளைக் கெடுக்கறேன்."

"இடப்பக்கம் ஏறும், வலப்பக்கம் இறங்கும்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. அடுத்த வாரம் அவன் முகம் தொங்கிப்போய் வந்தான். தானே ஏற்றப் பார்த்திருக்கிறான், நான் சொன்ன பக்கம் திருகியிருக்கிறான், வண்டி இன்னும் படுத்துவிட்டது.

"நீங்க சொன்ன மாதிரிதாண்ணே திருப்பினேன்."

"ரொம்பத் திருப்பிட்ட. ஒரு அளவுக்கு மேல போனா குண்டு வழிய அடைச்சுக்கும். உனக்கு ஆடு மேய்க்கிற கை, இதெல்லாம் வராது."

"வராதுதாண்ணே" என்றான். மீட்டர் முள் அவன் கண் முன்னால் இறங்கியிருக்கிறது. அவன் முள்ளை நம்பவில்லை, என்னை நம்பினான். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது.

போன இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. அய்ஸாதா கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற தலாஸ்காரி. அவளுடைய அப்பாவுக்கு அங்கே பீன்ஸ் வயல் இருக்கிறது, ஆண்பிள்ளை இல்லை. எர்மெக் வேலையை விட்டுவிட்டுத் தலாஸுக்கே போய்விடுவதாகச் சொன்னான். கடைக்குட்டி வீட்டை விட்டுப் போவதா என்று என் அப்பா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "வீட்டோட மாப்பிள்ளையாப் போறானாம், பீன்ஸ் பொறுக்க! என் ஆட்டைத் தின்னு வளந்தவன்!" எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை. பறிகொடுத்தால் எப்படி இருக்கும் என்று அவரும் ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்தேன். பிறகுதான் நானும் கூடவே பறிகொடுக்கிறேன் என்று உறைத்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தான்.

"அண்ணே, நல்லாப் பாத்துக் குடுத்துருங்க. கணவாய் ஏறணும். இனிமே உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்."

தொந்தரவு என்ற வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. சரி, போகிறவன் போகட்டும் என்று அன்றைக்கு வேலையை ஒழுங்காகச் செய்தேன். மேலே காற்று மெலிந்திருக்குமே என்று அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், கல்யாணப் பரிசு மாதிரி. லாக்நட்டை முழு இறுக்கம் இறுக்கினேன். அந்த வண்டியில் நான் குறை வைக்காமல் அனுப்பிய நாள் அது ஒன்றுதான். விபத்து எந்தக் கோளாறால் என்று நீங்கள் தேடினீர்கள். கோளாறு எதுவும் இருக்கவில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று முற்பகலில் போன் வந்தது. அவன் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டேன். சுரங்க வாயிலுக்கு முன்னால், காவல் சாவடிப் பக்கத்தில் நிற்கிறார்கள். வழியில் போட்ட பெட்ரோல் மட்டமானது போலிருக்கிறது, ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறது.

"தகர டப்பாவுல வால்நட்டப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம்ணே. நீங்க ஏத்தி வெச்ச பிரஷர் இந்தப் பெட்ரோலுக்குத் தாங்கலன்னு நினைக்கிறேன். கொஞ்சம் இறக்கிக்கவா? ஸ்பேனர் வெச்சிருக்கேன்."

சரியாகக் கண்டுபிடித்திருந்தான். தம்பி, அவனுக்கு நல்ல கை. சத்தத்தைக் கேட்டே காரணத்தைச் சொல்லிவிட்டான்.

"இறக்கணும்னா வலப்பக்கந்தானே?" என்றான்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பக்கத்தில் அய்ஸாதா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. இல்லை, இடப்பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அப்படியானால் அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்பான். அதைக் கேட்டால் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்பான். அது ஒரு பக்கம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதற்காகத்தான் வந்தேன். தட்டுகிற இன்ஜினில் இன்னும் அழுத்தம் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிஸ்டன் உடையும். வண்டி நிற்கும். நான் கயிறு எடுத்துக்கொண்டு போய்க் கட்டி இழுத்து வருவேன். இன்ஜினை இறக்கி, சாமான் வரவழைத்து, திரும்ப ஏற்ற இரண்டு மாதம் ஆகும். அதுவரைக்கும் அவன் பிஷ்கெக்கில்தான் இருக்க வேண்டும். போனைக் காதில் வைத்தபடியே இதை எல்லாம் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

"ஆமா, வலப்பக்கம். நல்லா ரெண்டு சுத்துக் குடு" என்றேன்.

"சரிண்ணே" என்றான்.

கயிற்றை எடுத்து என் வண்டியில் போட்டேன். ஜில்திஸுக்குப் போன் செய்து, குவுர்தாக் கறியைக் கொஞ்சம் அதிகமாக வதக்கச் சொன்னேன், சாயங்காலம் பிள்ளைகள் இரண்டு பேர் வருவார்கள் என்று. மறுபடியும் போன் அடிக்கும் என்று காத்திருந்தேன்.

சுரங்கத்துக்குள் உடையும் என்று நான் நினைக்கவில்லை. வெளியே சாலையில் உடைந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே நடுவழியில் இன்ஜின் பக்கவாட்டில் பிளந்து, ஆயில் சூடான டர்போ மேல் கொட்டித் தீப்பிடித்தது. அந்தச் சுரங்கத்தில் சாதாரண நாளிலேயே புகை போக வழியில்லை. எதிரே வந்த லாரியில் அய்ஸாதாவை ஏற்றிவிட்டிருக்கிறான். லாரிக்காரனும் அவளும் எவ்வளவோ கூப்பிட்டும் அவன் ஏறவில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த கம்பளத்தை உருவி எடுத்துக்கொண்டு தீயை அணைக்க ஓடினான். புகைதான் அவனைக் கொன்றது, தீ அவன் மேல் படவே இல்லை. நான் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிற மாதிரி இருந்தான்.

சாவு வீட்டில் ஆண்கள் எப்படிப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். முற்றத்தில் பிணம் வைத்த கம்பளிக் கூடாரம் கண்ணில் பட்டதுமே உறவைச் சொல்லிக் கதறிக்கொண்டு போக வேண்டும். கூடார வாசலில் அப்பனுக்கு உரிய இடத்தில் என் அப்பா கோலை ஊன்றிக்கொண்டு நின்றார், "மகனே, மகனே" என்று அழுதார். ஊர் முழுக்க அவரைத் தழுவி ஆறுதல் சொன்னது. நான் தெரு முனையிலிருந்து அழுதுகொண்டு வந்தேன். மகனே என்று வாயைத் திறந்தேன். அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். "தம்பீ, என் தம்பீ" என்று கதறினேன். கூடாரத்துக்குள் பெண்களோடு ஜில்திஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் எதுவும் சொல்லிக் கதறவில்லை.

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அய்ஸாதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "வண்டிய விட்டுட்டு வான்னு லாரிலேருந்து கத்தினேன். 'அப்பா செஞ்சு குடுத்த வண்டி, எரிய விட முடியாது'ன்னான். சாகின் தாத்தாவச் சொல்லல. உங்களத்தான் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரியும். பதினாறு வயசுல யாரோ சொல்லிட்டாங்களாம். நட்டைத் தளர்த்தி விடறது நீங்கதான்னும் தெரியும். நான் ஒரு தடவ, போய்க் கேக்கறதுதானேன்னேன். 'கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு அப்புறம் பேசவே மாட்டாரு. வாரம் ஒரு நாள் அப்பாவப் பாக்கப் போறேன், அது போதும்'னான்."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கிறது. திருகின் பக்கத்தைப் பற்றித் தெரியவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவன் சந்தேகப்படவே இல்லை. அய்ஸாதாவுக்கும் தெரியாது. நான் போனில் சொன்னதைக் காதால் கேட்டவள் அவள், ஆனால் எந்தப் பக்கம் எதற்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இதுவரைக்கும் எனக்கு மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

இப்போது நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை, வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது என்கிறீர்கள். இருக்கட்டும். நான் தண்டனை கேட்டு வரவில்லை. அவன் என் மகன், நான் சொன்ன வார்த்தையால் செத்தான், இந்த இரண்டையும் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவதை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது.

அது எனக்கு வேண்டியிருக்கிறது, தம்பி. வசந்த காலத்தில் அய்ஸாதாவுக்குக் குழந்தை பிறக்கும். தலைச்சன். வழக்கப்படி அது அப்பன் வீட்டுத் தாத்தாவுக்குப் போக வேண்டும். என் அப்பா இப்போதே ஆடு பார்த்து வைத்துவிட்டார், எர்மெக் தன் மகன், ஆகவே பேரப்பிள்ளை தனக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்கள் முத்திரை இருந்தால் அவர் வாயை அடைத்துவிடுவேன். தாத்தா நான்தானே.

ஜில்திஸ் வேண்டாம் என்கிறாள். "அந்தப் பொண்ணுகிட்டப் போய்க் கேக்காதீங்க, உங்க காலப் புடிச்சுக்கறேன்" என்று நேற்று என் காலைப் பிடித்தாள். அவளுக்கு மனசு சரியில்லை, போகப் போகச் சரியாகும். நான் தப்பிலிருந்து கற்றுக்கொண்டவன். இந்தப் பிள்ளையிடம் ஒரு பொய் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் ஏற்றம், எந்தப் பக்கம் இறக்கம் என்று சின்ன வயதிலேயே கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பேன். அய்ஸாதா கொஞ்ச நாள் அழுவாள்தான். அவளுக்கென்ன, வயதிருக்கிறது, இன்னும் பெற்றுக்கொள்வாள்.

என்னோடு வளர்ந்தால் அது என்னை அப்பா என்றுதான் கூப்பிடும்.